வெந்நீரும் விரல் நுனியும்

காத்திவாக்கத்தில் ஒருவர் புது வீடு கட்டிக் குடியேறி, "வீட்டுக்கு ஒரு பாய்லர் வாங்க வேண்டும்" என்று சொன்னால், கேட்பவர் முதலில் வானத்தைப் பார்ப்பார். பிறகு சொன்னவர் முகத்தைப் பார்ப்பார். வானத்தைப் பார்ப்பது அங்கே எரிந்து கொண்டிருக்கும் சூரியனுக்காக. முகத்தைப் பார்ப்பது, மனிதருக்குச் சித்தம் சுவாதீனத்தில் இருக்கிறதா என்று அறிந்து கொள்வதற்காக. கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், வடக்கே எண்ணூர் முகத்துவாரம். சித்திரை மாதத்தில் மாடித் தொட்டியின் குழாயைத் திறந்தால் விலையில்லாமலே வெந்நீர் வருகிற ஊர் இது. இங்கே வெந்நீர்ச் சாதனத்துக்குப் பணம் செலவழிப்பவனைப் பற்றி நண்பர்கள் நாலு வார்த்தை பேசத்தான் செய்வார்கள்.

பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் நம் சக உபாத்தியாயர்கள் ஒரு வாரம் வரையில் வேறு விஷயமே பேசவில்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியாத காரணம் ஒன்று நம்மிடம் இருந்தது. அதை இதுவரையில் வெளியே சொல்லிக் கொள்ளவில்லை. இப்போது நேயர்களிடம் சொல்லி விடுகிறோம்.

நம் தாயாருக்கு வயது எழுபத்து நாலு. இருபது வருஷமாக நீரிழிவு. அந்த வியாதியின் குணம் என்னவென்றால், அது சத்தமில்லாமல் நரம்புகளைத் தின்று கொண்டு போகும். முதலில் பாதங்கள் மரத்துப் போகும். முள் குத்தினால் தெரியாது, செருப்புக் கழன்றால் தெரியாது, சூடும் தெரியாது. இது புத்தகத்தில் படித்த விஷயமாக நமக்குத் தெரிந்திருந்தது. படித்தது வேறு, உணர்ந்தது வேறு என்பதைப் போன வருஷம் கார்த்திகை மாதத்து மழை நாள் ஒன்று நமக்குக் கற்பித்தது.

அப்போது நாம் வாடகை வீட்டில் இருந்தோம். குளியலறையில் வாளித் தண்ணீருக்குள் தொங்கவிடும் ஹீட்டர் கம்பிதான் நமது வெந்நீர் இலாகா. அந்தக் கம்பிக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும், சூடாக்குவது. நிறுத்துவது அதற்குத் தெரியாது. மின்சாரம் உள்ள வரையில், தண்ணீர் தளபுளவென்று கொதித்து வற்றும் வரையில், அது தன் கடமையைச் செய்து கொண்டே இருக்கும். அன்று காலையில் நாமே சுவிட்சைப் போட்டோம். போட்டுவிட்டுக் காலாண்டுப் பரீட்சைத் தாள்களைத் திருத்த உட்கார்ந்தோம். ஒரு மாணவன் பானிப்பட்டு யுத்தத்தைப் பற்றி எழுதியிருந்த அபூர்வமான விடையில் மனம் லயித்து விட்டது. சுவிட்ச் மறந்தே போயிற்று.

தாயார் உள்ளே சென்று, சுவிட்சை அணைத்து, கம்பியை எடுத்து வைத்து விட்டு, வழக்கம்போல் முதல் சொம்பைக் காலில் ஊற்றிக் கொண்டார். கத்தவில்லை. இரண்டாவது சொம்பையும் ஊற்றிக் கொண்டார். மேலே ஊற்றிக்கொள்ளும் முன் கையை வைத்த போதுதான் விரலைச் சுட்டது. குளிர்ந்த நீரைக் கலந்து குளித்து விட்டு வெளியே வந்து, "தண்ணி கொஞ்சம் அதிகமாத்தான் காஞ்சிடுச்சுப்பா" என்று மட்டும் சொன்னார். மாலையில் வலது புறங்காலில் தோல் உரிந்து தொங்குவதை நம் மகள்தான் கண்டாள். அந்தப் புண் ஆற மூன்று மாதமாயிற்று. விரல் ஒன்றை எடுக்க வேண்டியிருக்குமோ என்று டாக்டர் ஒரு நாள் சந்தேகமாகச் சொன்னார். அந்த இரவு நாம் தூங்கவில்லை. விரல் தப்பியது. நம் மனச்சாட்சி தப்பவில்லை.

"இனிமேல் வெந்நீரைக் காலால் சோதிக்கக் கூடாது. முழங்கையால் பாருங்கள், இல்லாவிட்டால் தெர்மாமீட்டரால் பாருங்கள். அவர்களுடைய காலுக்குச் சொல்லும் சக்தி போய் விட்டது" என்றார் டாக்டர்.

ஆகவே, புது வீட்டுக்கு நாம் தேடியது வெந்நீர் யந்திரம் அல்ல. காலுக்குப் பதிலாகச் சொல்லக் கூடிய ஒன்றைத்தான் தேடினோம்.

இதிலே ஒரு வேடிக்கை. நம் குடும்பத்துக்கும் பாய்லருக்கும் மூன்று தலைமுறைச் சம்பந்தம் உண்டு. நம் பாட்டியாரிடம் ஒரு செம்புப் பாய்லர் இருந்தது. நடுவிலே குழாய் போன்ற அடுப்பு. அதில் கரியும் தேங்காய்ச் சிரட்டையும் போட்டு எரிப்பார். சுற்றிலும் தண்ணீர்; கீழே ஒரு குழாய். பாட்டியார் குழாயைச் சிறிது திறந்து சுட்டு விரலை நீட்டுவார். போதாதென்றால் இன்னொரு சிரட்டை; அதிகமென்றால் மேலே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். இன்றைக்குத் தெர்மாஸ்டாட் என்று சொல்லும் உஷ்ணக் கட்டுப்பாட்டுக் கருவி, அன்று நம் பாட்டியாரின் விரல் நுனியில் இருந்தது.

காலஞ்சென்ற நம் தகப்பனார் பார்த்தது வேறு ஜாதிப் பாய்லர். எண்ணூர் அனல் மின் நிலையத்தில் அவர் தொழிலாளி. 1970 முதல் 1975 வரையில் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கிய ஐந்து யந்திரங்கள். மொத்தம் 450 மெகாவாட் சக்தி. ஐந்நூறு டிகிரிக்கு மேற்பட்ட நீராவி ஓடுகிற இடத்தில் யாரும் விரலை நீட்டிப் பார்க்க முடியாது. அங்கே முள் உள்ள மீட்டர்களும், எல்லை மீறினால் தாமே திறந்து கொள்ளும் வால்வுகளும்தான் விரல். "நெருப்பு மூட்ட யாராலும் முடியும், போதும் என்று சொல்லத்தான் ஆள் வேண்டும்" என்று அவர் அடிக்கடி சொல்வார். அந்த நிலையம் 2017-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் மூடப்பட்டது. அவருடைய வாக்கியம் மட்டும் நம்மிடம் மிஞ்சியது. ஹீட்டர் கம்பியை மறந்த நாளில் அது நம் காதில் விடாமல் ஒலித்தது.

கடைக்குப் போனோம். காத்திவாக்கம் ஸ்டேஷனில் ரயிலேறி, கடற்கரை ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் ஒரு கடையில் நுழைந்தோம். நாம், நம் மனைவி, கல்லூரியில் படிக்கும் நம் மகன் ஆக மூன்று பேர், மூன்று கட்சிகள். மூன்று லிட்டர் கொள்ளும் சிறு பெட்டி ஒன்றைக் கடைக்காரர் முதலில் காட்டினார். 3000 வாட் சக்தி, திறந்தவுடன் வெந்நீர். விலை குறைவு. மனைவியின் வோட்டு அதற்கு. ஆனால் அதற்கு வெளியே குமிழ் இல்லை. உஷ்ணத்தைத் தொழிற்சாலையிலேயே உள்ளே முடிவு செய்து மூடி விட்டிருந்தார்கள். எந்த டிகிரி என்று கடைக்காரரைக் கேட்டோம். "நல்லா சூடா வரும் சார்" என்றார். நமக்கு வேண்டிய பதில் அது அல்ல.

அடுத்தது, கைப்பேசியிலிருந்தே கட்டளையிடக் கூடிய நவீன கீஸர். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும்போதே வீட்டில் வெந்நீர் போட்டு விடலாமாம். மகனின் வோட்டு அதற்கு. "உள்ளே இருக்கும் தண்ணீரின் சூடு எத்தனை என்று எண்ணாகவே காட்டும் அப்பா, அதுதானே உங்களுக்கு வேண்டும்?" என்று கேட்டான். அவன் வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் யந்திரம் யாருக்காகவோ அவருக்குக் கைப்பேசியில் வரும் அழைப்பை எடுக்கத்தான் தெரியும். தவிர, நம் ஊர்க் கடற்காற்று எப்படிப்பட்டது? இரும்பு ஜன்னலையே மூன்று வருஷத்தில் செதில் செதிலாக உரித்து விடும். மெல்லிய மின்னணுத் தகட்டை அது எத்தனை நாள் விட்டு வைக்கும்?

கடைசியில் பதினைந்து லிட்டர் கொள்ளும் தொட்டி வகையைத் தேர்ந்தெடுத்தோம். 2000 வாட் சக்தி. வெளியே திருப்பக் கூடிய குமிழ் ஒன்று. உள்ளே உள்ள சூட்டைக் காட்டும் முள் ஒன்று. முள் மகனுக்காகச் செய்து கொண்ட சமரசம்.

வாங்குமுன் நாம் கேட்டுத் தெரிந்து கொண்டவற்றை நேயர்களுக்கும் சொல்லி விடுவது நல்லது. இத்தகைய தொட்டிக்குள் காவலர் மூவர் உண்டு. முதற் காவலர் தெர்மாஸ்டாட். குறித்த உஷ்ணம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்துவார்; சில டிகிரி இறங்கியதும் மறுபடி விடுவார். அவர் தூங்கி விட்டால் இரண்டாமவர் 'கட்-அவுட்'. சூடு அபாய எல்லையைத் தொட்டால் மின்சாரத்தைத் துண்டித்து விடுவார். இருவருமே கைவிட்டால் மூன்றாமவர் வால்வு. உள்ளே அழுத்தம் மிகுந்தால் திறந்து கொண்டு தொட்டி வெடிக்காமல் காப்பார். மூவரும் இருக்கிறார்களா என்று கேட்காமல் எந்தக் கீஸரையும் வாங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்க்க வேண்டும். நட்சத்திரச் சீட்டையும் பார்க்க வேண்டும். நட்சத்திரம் கூடக் கூட, சும்மா நிற்கும் வெந்நீரிலிருந்து வீணாகும் சூடு குறைவு என்று பொருள். சூரிய வெப்பத்தால் நீர் காய்ச்சும் சாதனத்தையும் யோசித்தோம். மழை மூடிய கார்த்திகை நாளில்தான் தாயாருக்கு வெந்நீர் அவசியம். அந்த நாட்களுக்கென்று அதிலும் ஒரு மின்கம்பியை உள்ளே வைக்கிறார்கள். அப்போது மறுபடியும் தெர்மாஸ்டாட் கேள்விதான்.

தெர்மாஸ்டாட் பெரிய மாயமல்ல. எல்லா உலோகமும் சூட்டில் நீளும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் நீளுவதில்லை. நீளும் குணம் வேறான இரண்டு தகடுகளை முதுகோடு முதுகாக ஒட்டினால், சூடேறும்போது ஒன்று அதிகம் நீள, மற்றது பின்தங்க, இரண்டும் சேர்ந்து வளையும். வளையும்போது மின்சாரத் தொடர்பு விடுபடும். இந்தத் தத்துவத்தில் கருவி செய்து 1830-ல் உரிமை பெற்றவர் ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்காட்லாந்து ரசாயன அறிஞர். மில்களில் உஷ்ணத்தைச் சீராக வைப்பது அவர் நோக்கம். இன்றைய கீஸர்களில் தகட்டுக்குப் பதிலாகத் திரவம் நிரப்பிய மெல்லிய குழாயும் உண்டு. சூட்டில் திரவம் பெருத்து நெம்புகோலைத் தள்ளும். எப்படியானாலும் பொருள் தானே தன் நிலையைச் சொல்லுகிறது.

இந்தச் சரித்திரத்தில் நமக்குப் பெருமை தரும் ஓர் அத்தியாயம் உண்டு. அமெரிக்காவில் விஸ்கான்ஸின் மாகாணத்து வைட்வாட்டர் என்னும் ஊரில், ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் வாரன் ஜான்ஸன் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். அது குளிர் தேசம். அங்கே பாய்லர் என்றால் அறைகளையே காய்ச்சுவது. பள்ளிக்கூடத்து வேலையாள் வகுப்பு வகுப்பாக நுழைந்து, உஷ்ணம் பார்த்துக் கொண்டு கீழே ஓடி, அடுப்பைச் சரி செய்ய வேண்டும். பாடம் நடக்கும்போது கதவு திறந்து கொண்டே இருந்தால் ஆசிரியருக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும்! ஜான்ஸன் வேலையாளைக் கோபிக்கவில்லை, யோசித்தார். அறையின் சூடு மாறினால் கீழே பாய்லர் அறையில் தானே மணியடிக்கும் மின்சாரக் கருவி ஒன்றைச் செய்து 1883-ல் உரிமை பெற்றார். உலகத்துக்கு மின்சாரத் தெர்மாஸ்டாட்டைத் தந்தவர்களில் ஒருவர் நம் ஜாதி. அதாவது வாத்தியார் ஜாதி. பாடத்தில் கவனம் கலைந்ததால் அவர் கருவி செய்தார். விடைத்தாளில் கவனம் போனதால் நாம் செய்தது என்ன என்பதை நினைத்தால் தலை குனிகிறது.

கீஸர் வந்து விட்டது. குமிழை எந்த எண்ணில் வைப்பது? வீட்டில் மறுபடியும் விவாதம். மனைவி, "முழுக்கத் திருப்பி வையுங்கள், சீக்கிரம் காயும்" என்றாள். இது தேசம் முழுவதும் பரவியுள்ள ஒரு தவறான எண்ணம். நாம் சொன்னோம்: "காத்திவாக்கத்தில் ஏறி மீஞ்சூருக்குப் போகிறவள், கும்மிடிப்பூண்டிக்கு டிக்கெட் வாங்கினால் ரயில் மீஞ்சூருக்குச் சீக்கிரம் போய் விடுமா? ரயில் அதே வேகத்தில்தான் ஓடும். நீ இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போவதுதான் மிச்சம்." குமிழ் குறிப்பது வேகத்தை அல்ல, நிற்குமிடத்தை. மழைக் காலத்தில் 26 டிகிரியில் உள்ள பதினைந்து லிட்டர் நீரை 2000 வாட் அடுப்பு 50 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய 13 நிமிஷம் ஆகும். 70 டிகிரிக்கு ஏற்ற 23 நிமிஷம். எந்த எண்ணில் வைத்தாலும் முதல் 13 நிமிஷம் ஒன்றுதான்.

மனைவி சிறிது யோசித்து, "அதிகம் காய்ந்தால் பச்சைத் தண்ணீரை அதிகம் கலந்து கொள்கிறோம், இதில் என்ன நஷ்டம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. முழுவதும் உபயோகித்தால் நஷ்டமில்லை. ஆனால் ஒருவர் குளித்த மிச்சம் தொட்டியில் கிடந்து ஆறிப் போகிறதே, அதுதான் நஷ்டம். 70-க்கும் 50-க்கும் இடையே சுமார் மூன்றிலொரு யூனிட் மின்சாரம். அனல் மின்சாரமானால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ நிலக்கரி. ஆகவே வீணாகும் ஒவ்வொரு தொட்டிக்கும் கால் கிலோ கரி. நம் நாட்டுக் கரியானால் அதில் ஒரு கைப்பிடி சாம்பல். மற்ற ஊர்க்காரர்களுக்கு இது கணக்கு. நமக்குக் கொசஸ்தலையாற்றுச் சேறு. வடசென்னை நிலையத்துச் சாம்பல் அந்த ஆற்றில் கலந்து, இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் நம் அண்டை வீட்டாரின் வலையில் ஏறியதை நாம் பார்த்திருக்கிறோம். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம் அலட்சியத்துக்கான சாம்பலை அயலார் சுமக்கலாமா?

ஆனால் குமிழின் எண்ணை முடிவு செய்தது சாம்பல் அல்ல, தோல். 60 டிகிரி நீர் வயது வந்தவரின் ஆரோக்கியமான தோலை ஐந்தாறு விநாடியில் வெந்து போகச் செய்யும். 55 டிகிரியானால் அரை நிமிஷம். 50 டிகிரியானால் ஏறக்குறைய ஐந்து நிமிஷம். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் இன்னும் குறைவு. பத்து டிகிரியில் எத்தனை வித்தியாசம் பாருங்கள்! எனினும் குமிழை மிகவும் இறக்கி விடவும் கூடாது. 20-லிருந்து 45 டிகிரி வரையில் வெதுவெதுப்பாகத் தேங்கிக் கிடக்கும் நீரில், நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 60 டிகிரியில் அது மடியும். ஆகவே நம் வீட்டுச் சட்டம் இது: தினமும் 50, தினமும் தொட்டி நீரை முழுக்கச் செலவழித்து விடுவது, வாரத்தில் ஒரு நாள், யாரும் குளிக்காத வேளையில், 65 வரை ஏற்றி, அந்த நீரைத் துணி ஊற வைக்க எடுத்துக் கொள்வது.

சட்டம் போட்டாயிற்று. யந்திரம் அதன்படி நடக்கிறதா? வாத்தியாருக்குப் பரீட்சை வைக்காமல் இருக்க முடியுமா? கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி மூன்று நாள் காலையில் சோதித்தோம். குமிழ் 50 என்று சொல்லிற்று. வாளியில் பிடித்த நீர் 56 என்று சொல்லிற்று. மூன்று நாளும் அப்படியே. குமிழை 44-ல் வைத்தோம். நீர் 50-ல் நின்றது. அந்த இடத்தில் மகளின் நகப் பூச்சினால் சிவப்புப் பொட்டு ஒன்று வைத்தோம். "விடைத்தாளைக் கூட இத்தனை சிரத்தையாகத் திருத்தியதில்லை" என்றாள் மனைவி. உண்மைதான். ஆனால் சோதிக்காமல் விட்டிருந்தால், ஐந்து நிமிஷம் என்று நாம் நம்பியிருந்தது அரை நிமிஷத்துக்குக் குறைவாகவே இருந்திருக்கும். நம் ஊர் உப்பு நீர் அடுப்புக் கம்பியின் மேல் சுண்ணாம்பைப் படிய வைக்கும். வருஷம் ஒரு முறை திறந்து சுத்தம் செய்ய வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரீட்சையும் உண்டு.

இப்போது காலையில் நடப்பது இது. சுவிட்சைப் போடுகிறோம், சிவப்பு விளக்கு எரிகிறது. தாயார் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். பதின்மூன்று நிமிஷத்தில் உள்ளிருந்து 'டக்' என்று ஒரு சிறு சத்தம், விளக்கு அணைகிறது. "பதமாயிடுச்சுப்பா" என்று அவரே குரல் கொடுக்கிறார். சுவிட்சை அணைத்து விட்டு, வாளியில் முதலில் பாதி பச்சைத் தண்ணீர். பிறகு பாதி வெந்நீர். 26-ம் 50-ம் சேர்ந்து 38. அதன் பிறகும் நாம் முழங்கையை விட்டுப் பார்க்கிறோம். மூன்று காவலர் உள்ளே இருக்க, நான்காவது எதற்கு என்று மகன் கேட்கிறான்.

தாயார் அதற்குச் சிரிக்கிறார். "உங்க தாத்தாவோட அம்மாவும் இப்படித்தான். விரலை விட்டுப் பார்க்காம யாரையும் குளிக்க விட மாட்டாங்க" என்கிறார்.

அவருடைய புறங்காலில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கிறது. வாளியைத் தூக்கி வைக்கக் குனியும் போதெல்லாம் அது நம் கண்ணில் படுகிறது. அது படுகிற வரையில் முழங்கையும் வேலை செய்து கொண்டுதான் இருக்கும்.